மாத்தாள் வராத கொல்லை

வண்டி பஞ்சரா பாப்பா? அதான பாத்தேன், அம்மாம் நேரமா வண்டியச் சுத்திச் சுத்தி வர்றியேன்னு. மெக்கானிக்குக்கு போனு போட்டுட்டியா? யாரு, கூட்ரோட்டு கடக்காரனா? அவன் தோ வந்துட்டேம்பான், ஒரு மணி நேரம் ஆவும். ரோட்டுல நிக்காத. கத்திரி இன்னும் முடியல, மண்டைய பொளந்துடும். வேப்பமரத்து நெழலுக்கு வா. செருப்ப கழட்டிட்டு எறங்கு, வரப்பு வழுக்கும். நான் கைய நிறுத்த மாட்டேன், தப்பா நெனச்சுக்காத. வாயி பாட்டுக்குப் பேசும், கை பாட்டுக்குப் புடுங்கும். எனக்கு ரெண்டும் ஒண்ணா வரும்.

மல்லாட்டதான். நீங்க டவுனுல வேர்க்கடலம்பீங்க. ஒரு ஏக்கரா கொல்ல. ஆமா, ஒண்டியாத்தான். ஏன் அப்படிப் பாக்குற? எட்டுப் பேரு எறங்குனா ஒண்ணர நாளு வேல. நான் திங்கக்கெழம காலையில புடிச்சேன், இன்னைக்கி புதன். தோ, அந்தக் குத்துக்கல்லு வரைக்கும் வந்திருக்கிறேன். கால்வாசி கூட இல்லன்னு சொல்லாத, எனக்கே தெரியும்.

இதப் பாரு. இந்தக் காய ஒடச்சிப் பாரு. உள்ள பருப்பு முனையில வெள்ளையா ஒண்ணு எட்டிப் பாக்குதா? மொள. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பேஞ்ச மழ செஞ்ச வேல இது. முத்துன காயி மண்ணுக்குள்ள கெடக்கறப்ப மழ பேஞ்சா மூணு நாளு, மிஞ்சிப் போனா நாலு நாளு. அதுக்குள்ள புடுங்கிடணும். இல்லன்னா அத்தனையும் மொளச்சிக்கும். அப்பால அது எண்ணெய்க்கும் ஆவாது, வெதைக்கும் ஆவாது, மாட்டுக்குக் கூட ஆவாது. நாளைக்கி நாலாம் நாளு பாப்பா. நான் இன்னா செய்வேன், சொல்லு.

அந்த மழைய வேணாம்னும் சொல்ல முடியாது, அதான் கூத்து. மழைக்கி முன்னாடி கொல்ல கட்டாந்தரையா கெடந்துது. அந்த மண்ணுல செடியப் புடுங்குனா தழ கையோட வரும், காயி உள்ளயே நின்னுடும். தண்ணி வுட்டு ஈரமாக்கிப் புடுங்கலாம்னா கெணத்துல ஏது தண்ணி? மோட்டார போட்டா அர மணி நேரம் ஓடும், அப்பால காத்துதான் வரும். இந்தக் கோடையில நான் பட்டபாடு அந்த மாரியாத்தாளுக்குத்தான் தெரியும். கருக்கல்ல எழுந்து தண்ணி கட்டுவேன். வெயிலு ஏர்றதுக்குள்ள ரெண்டு சாலு களை வெட்டுவேன். மாட்டுக்குப் புல்லறுத்துட்டு வந்து கூழு குடிச்சிட்டுத் திரும்பவும் எறங்குவேன். சாயங்காலமானா பன்னி வரும், மயிலு வரும், தகரத்தத் தட்டிக்கினு வரப்பச் சுத்துவேன். புள்ளைய வளத்தாக்கூட இம்மாம் கஷ்டம் இல்ல. என் பொண்ணு வெண்ணிலாவ நான் இந்த அளவுக்குக் கொஞ்சல, வேணும்னா அவளக் கேட்டுப் பாரு, கல்பாக்கத்துல கட்டிக் குடுத்திருக்கிறேன்.

இன்னா பாப்பா கையில? மல்லாட்டையா? எங்க கெடந்துது? ஓ, அதுவா. அது எலி தள்ளுனது. எலி வள தோண்டும்போது காய வெளிய தள்ளிடும். போடு, அந்தக் கூடையில போடு. நல்ல பொண்ணு. சும்மா நிக்காம பொறுக்குற பாரு, உங்கம்மா நல்லாத்தான் வளத்திருக்கிறா.

ஆளு கெடைக்கலியான்னு கேக்குற. எங்க வூட்டுக்காரரு கோதண்டம் காலையிலயே சைக்கிள எடுத்துக்கினு ஆளு தேடிப் போயிருக்குது. நாலு ஊரு சுத்தியாச்சாம். ஒரே மழையில எல்லார் கொல்லையும் ஒண்ணா ஈரமாச்சு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஆளு வேணும். யாரு வருவா?

அந்த மனுசன் சொல்லிட்டாரு பாப்பா. இந்த மல்லாட்ட வூடு வந்து சேந்தா இருக்கறோம், இல்லன்னா வூட்டப் பூட்டிக்கினு கெளம்பறோம்னு. என் தம்பி மெட்ராசுல ஒரு அடுக்குமாடியில வாச்சுமேன் வேல பாத்து வெச்சிருக்கிறான். மாடிப்படிக்கிக் கீழ ஒரு ரூம்பாம். நிமிந்து நின்னா தல இடிக்குமாம். அவரு கேட்டுல குந்திக்கினு இருப்பாரு, நான் படி பெருக்கணும். வரப்புல நடந்த காலு பாப்பா இது. நான் அங்க போயி எவன் வூட்டுப் படியப் பெருக்க? ஆடிப் பட்டத்துக்கு வெதக்காயி இந்தக் கொல்லையிலேருந்துதான் எடுக்கணும். இது போச்சுன்னா வெதைக்க ஒரு கை காயி கெடையாது. அத்தோட எங்க வெவசாயம் முடிஞ்சுது. இன்னைக்கிப் பொழுதுக்கும் நாளைக்கும்தான் நான் இந்த ஊர்க்காரியான்னு தெரியும்.

அழலியே, வேர்வதான் அது.

மாத்தாளுன்னு எங்க ஊருல ஒண்ணு இருக்குது, தெரியுமா? உன் கொல்லைக்கி நான் ஒரு நாளு வருவேன், என் கொல்லைக்கி நீ ஒரு நாளு வருவ. கூலி கெடையாது. ஆளுக்கு ஆளு. எட்டுப் பேரு செட்டு நாங்க. பதினஞ்சி வருசமா ஒண்ணா புடுங்குறோம். யாரு வூட்டுக் கொல்ல முத்துதோ அங்க எட்டுப் பேரும் எறங்குவோம். பாட்டென்னா, சிரிப்பென்னா, ஒருத்தி மாமியாரப் பத்தி ஒருத்தி பேசறதென்னா! அந்த செட்டு இந்த வருசம் எனக்கு இல்ல. எல்லாம் அந்த இருசம்மாவால.

இருசம்மா யாரா? என் கொழுந்தன் பொண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. நான் இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு நாலு வருசம் கழிச்சி வந்தவ. வந்தப்ப அவளுக்கு ஒலையில அரிசி போடத் தெரியாது. மல்லாட்டச் செடிய எங்க புடிக்கணும்னு காட்டிக் குடுத்ததே நான்தான். அடியில, தண்டும் மண்ணும் சேர்ற எடத்துல, கொத்தா புடிக்கணும். லேசா ஆட்டணும். உள்ள இருக்கிற காயி மண்ண வுடுற நேரம் வெரலுக்குத் தெரியும். அந்த நேரம் பாத்து மேல தூக்கணும். கண்ணு வேல இல்ல அது, வெரலு வேல. இத்த நான் சொல்லிக் குடுத்தேன் அவளுக்கு. இன்னைக்கி எனக்கே அவ சொல்ல வர்றா.

நாயத்தக் கேளு. பத்து நாளு முன்னாடி அவ கொல்லையில புடுங்குனோம். அவளுக்கு போர் தண்ணி இருக்குது, மழைக்கிக் காத்திருக்க வேண்டியதில்ல. எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு வரிசையா சாலு புடிச்சோம். எப்பவும் என் பக்கத்து சாலு அவதான் புடிப்பா. மூணு வருசமா பாக்குறேன், எந்தக் கொல்லையா இருந்தாலும் அடிச்சிப் புடிச்சிக்கினு என் பக்கத்துல வந்து நின்னுக்குவா. என்ன விட்டு ரெண்டு மொழம் பின்னாலயே வருவா, குனிஞ்சி குனிஞ்சி என் சாலுல கையப் போட்டுக் களகொட்டால கெளறிக்கினே வருவா. எனக்கு ஆத்திரமா வரும். வேவு பாக்குறா, நான் எப்படிப் புடுங்குறேன்னு அளக்குறான்னு வெச்சிக்குவேன். ஆனா வாயத் தொறந்து கேக்க மாட்டேன். பெரியவ நான், நான் எதுக்குக் கேக்கணும்?

அன்னைக்கி மத்தியானம் கூழு குடிச்சி எழுந்தோம். எல்லாரும் முந்தானைய இறுக்கிக் கட்டறாங்க. இவ கிட்ட வந்து என் தோள்ல கை வெச்சி, 'அக்கா, நீ நெழலுல குந்தி காய் ஆயிறியா? புடுங்குறத நாங்க பாத்துக்குறோம்'ங்கறா. அத்தன பேரு முன்னாடி! புடுங்குன செடியிலேருந்து குந்தி காய் ஆயறது யாரு வேல தெரியுமா? புள்ளத்தாச்சி செய்வா. பல்லு போன கெழவிங்க செய்வாளுங்க. எனக்கு அம்பத்தி ரெண்டு. நான் கெழவியா? 'ஏண்டி, என் கையில இன்னாடி கொற?'ன்னேன். அவ தரையப் பாத்துக்கினு நிக்கறா. தனபாக்கியம்னு ஒருத்தி, அவளுக்குத்தான் ஊரு நாயம் எல்லாம், 'பச்சையம்மாக்கா, உன் சாலுல பாதி மண்ணுக்குள்ளயே கெடக்குது, இருசம்மாதான் ஒவ்வொரு தடவையும் நோண்டி எடுக்குறா'ன்னுட்டா.

எனக்கு ஒடம்பெல்லாம் தீப்புடிச்சிக்கிச்சி. களகொட்ட வீசிட்டேன். 'உங்க எவ கையும் இனிமே என் கொல்லையில படக்கூடாது, பட்டா வெட்டிப் போட்டுடுவேன்'னு சொல்லிட்டு அர நாளுல கெளம்பி வந்துட்டேன். செட்டுல அர நாளுல யாரும் எழுந்து போவக்கூடாது. சாவுன்னா ஒண்ணு, பிரசவம்னா ஒண்ணு. வேற எதுக்கும் போவக்கூடாது. நான் போனேன். போனது போனதுதான்.

நீ சொல்லு, அவமானம் இல்லியா அது? உன்ன ஒருத்தி அப்படிச் சொன்னா நீ சும்மா இருப்பியா?

அட, மறுபடியும் எடுத்துட்டியா? எம்மாம்? துப்பட்டா நெறைய வெச்சிருக்க. எல்லாம் இந்த ஒரு சாலுலயா? எலி ஜாஸ்தி இந்த வருசம். பாம்பப் பூராவும் அடிச்சிட்டானுங்க, எலி பெருகாம இன்னா செய்யும்?

என் கை எப்பேர்ப்பட்ட கை தெரியுமா பாப்பா? காப்பு காச்ச கை. கொதிக்கிற சோத்துப் பானைய துணி இல்லாம எறக்குவேன். எங்க வூட்டுக்காரரு பயந்துக்குவாரு. போன மாசம் அடுப்புல கொள்ளிக்கட்டையத் தள்றேன்னு நெருப்புப் பக்கத்தப் புடிச்சிட்டேன். தோலு கருகுன வாசன வந்தப்பறம்தான் பாத்தேன். ஒரு 'ஆ' சொல்லலியே! அவ்ளோ பொறும எனக்கு. ஆஸ்பத்திரி நர்சு பொண்ணு சக்கரைன்னு சொல்லி மாத்திர குடுத்துது. ரெண்டு மாசம் தின்னேன், ஒடம்பு ஒண்ணும் மாறல. தூக்கி கூரை எரவாணத்துல வெச்சிட்டேன். சக்கர எல்லாம் குந்தித் திங்கறவங்களுக்கு வர்றது. நாம குனிஞ்சா நிமிர்றதில்ல, நமக்கு எங்கேருந்து வரும்?

இரு, போனு அடிக்குது. இந்த பட்டன அமுக்கிக் குடு கண்ணு, எனக்கு இந்த வெரலுக்கு இது சிக்காது. …ஆங், சொல்லு. …ஒருத்தி கூடவா? …காட்டேரிக் குப்பத்துலயும் கேட்டியா? …சரி. …சரின்னு சொல்றேன் இல்ல. …எதுக்கு இப்ப தம்பிக்கி போனு போடற? நாளைக்கி வரைக்கும் பொறுக்க மாட்டியா நீ? …வெச்சிடு.

ஆளு இல்லியாம்.

நேத்து காலையில இருசம்மா மருமவ வந்து வரப்புல நின்னா. சின்னப் பொண்ணு, பயந்துக்கினே நிக்குது. 'பெரிய அத்த, அத்த கேட்டுக்கினு வரச் சொன்னாங்க, எப்ப வரட்டும்னு'ங்குது. நான் தலைய தூக்கல. குனிஞ்ச வாக்குல புடுங்கிக்கினே இருந்தேன். அது கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடிச்சி. இன்னைக்கிக் காலையிலயும் இருசம்மா தெரு மொனையில ஏழு பேரும் களகொட்டோட நின்னத இவரு பாத்தாராம். வேற கொல்லைக்கிப் போவாம நின்னாளுங்களாம். நின்னா? நிக்கட்டும். நான் போயி கூப்புடணுமா? நான் சொன்ன சொல்லு இன்னா ஆவறது? பெரியவ வாயிலேருந்து வந்த சொல்லு, அது தண்ணியில எழுதுனதா?

சொல்லு பெருசா, சோறு பெருசான்னு கேக்குறார் அந்த மனுசன். எனக்கு ரெண்டும் வேணும்னு சொன்னேன். சொல்லிட்டு நேத்து பூராவும் புடுங்குனேன். இடுப்பு முறிஞ்சி வுழுந்துச்சி, எழுந்து திரும்பவும் புடுங்குனேன். பொழுது சாஞ்சி பாத்தா நாலு சாலு. பாப்பா, நாலே நாலு சாலு. வரப்புல குந்தி வாய்விட்டு அழுதேன். ஒரு குருவி கூட இல்ல கேக்க.

வடக்கால பாரு. கருக்குதா? எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதா? இன்னொரு மழ வந்தா நாளைக்கி வரைக்கும் கூட இல்ல. ஆத்தா, மாரியாத்தா, ரெண்டு நாளு தள்ளிப் பெய்யேண்டி. உனக்கு ஆடியில கூழு ஊத்தறேன். ஊருல இருந்தா ஊத்தறேன்.

இன்னா சொல்ற? ரத்தமா? எங்க? …அட ஆமா. இம்மாம் ஆழமாவா கிழிச்சிருக்குது? கண்ணாடித் துண்டு ஏதாவது கெடந்திருக்கும். எப்ப கிழிச்சிதோ. செடியெல்லாம் ரத்தம் தடவிக்கினு வந்திருக்கிறேன் பாரு. வலிக்கல, சத்தியமா வலிக்கல. வாணாம், துப்பட்டாவ கிழிக்காத, புதுசு மாதிரி இருக்குது. மண்ணப் போட்டா நின்னுடும்.

ஏன் பாப்பா என்ன அப்படிப் பாக்குற? நீயும் அவளுங்க மாதிரியே பாக்குற. வாயத் தொறந்து சொல்லு. என் கை சரியில்லன்னு சொல்ல வர்ற, அதான? நீ பொறுக்குனதெல்லாம் எலி தள்ளுனது இல்ல, நான் வுட்டதுன்னு சொல்ற. எலி தள்ளுனா மண்ணுக்கு மேல கெடக்கும், இது உள்ள கொத்துக் கொத்தா இருந்துதுன்னு சொல்ற. டவுனுப் பொண்ணு, மல்லாட்டச் செடிய இன்னைக்கிதான் பாக்குற, நீ எனக்கு வெரலு வேல சொல்றியா?

வா, ஒரு பந்தயம். வாடி வா. நான் கண்ண மூடிக்கிறேன். ஒரு காயோ ஒரு கல்லோ, உனக்கு எது இஷ்டமோ அத என் கையில வெய்யி. தொட்ட மாத்திரத்துல இது காயி இது கல்லுன்னு சொல்றேன். காயின்னா ஒத்தப் பருப்பா, ரெட்டப் பருப்பான்னு கூடச் சொல்லுவேன். என் மாமியார் எனக்கு வெச்ச பரீச்ச இது, கல்யாணமான மறு மாசமே ஜெயிச்சவ நான். தோ, ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிட்டேன். கைய நீட்டிட்டேன். வெய்யி.

வெய்யி பாப்பா.

இன்னா, வெளையாடறியா? எம்மாம் நேரம் நான் கைய நீட்டிக்கினு நிக்கறது? வேல கெடக்குது. காயோ கல்லோ ஏதாவது ஒண்ண வெச்சித் தொலையேன்.

…வெச்சிட்டியா?

எப்ப வெச்ச?

ரெட்டப் பருப்பு. நல்ல முத்துன காயி. கண்ணத் தொறந்தாத்தான் தெரியுது, உள்ளங்கையில நடுவுல கெடக்குது. இம்மாம் நேரமா கெடந்துதா இது?

சிரிக்காத. சிரிக்கலியா? சரி, சிரிச்சாலும் பரவால்ல.

இந்தப் பக்கம் வா. அந்தக் களகொட்ட எடு. நான் திங்கக்கெழம புடுங்குன முதல் சாலு அது, அங்க ஒரு கொத்து கொத்து. …ஐயோ. அடுத்த சாலு கொத்து. …ஐயோ, ஐயோ. மூணு நாளா நான் வெறும் செடியத்தான் புடுங்கிக் குவிச்சிருக்கிறேன். காயெல்லாம் உள்ளயே கெடக்குது, மொள வுட்டுக்கினு. என் இடுப்ப ஒடிச்சி, கைய கிழிச்சி, மாடு திங்கற தழைய அறுத்து வெச்சிருக்கிறேன். நான் போன வருசம் புடுங்குனதும் இப்படித்தானா? அதுக்கு முன்ன வருசமும்? அவ பின்னாலயே வந்தாளே. அவ ஒருத்தரு கிட்டயும் சொல்லலியே. என் கிட்ட கூடச் சொல்லலியே பாவி.

மெக்கானிக்கு வந்துட்டான் போல, ஹாரன் அடிக்கிறான். போ, போயி வண்டியப் பாரு. நீ எந்தப் பக்கம் போற? மேக்கால தெரு வழியாவா? அப்படின்னா ஒரு காரியம் செய்வியா? ரேஷன் கடைக்கி எதுத்தாப்புல ஓட்டு வூடு, வாசல்ல பச்சக் கலரு தண்ணித் தொட்டி. இருசம்மான்னு கூப்புடு. உங்க அக்கா வரச் சொன்னாங்கன்னு சொல்லு. இல்ல, அப்படிச் சொல்லாத, அதிகாரம் பண்றாப்புல இருக்கும். மழ வருது, ஒத்தாசைக்கி ஆளு வேணுமாம்னு சொல்லு. அதுவும் வாணாம். கூலிக்கிக் கூப்புடறாப்புல இருக்கும்.

பச்சையம்மாவுக்குக் கை செத்துப் போச்சுன்னு சொல்லு. வாணாம், இரு, அதையும் சொல்லாத. அது அவளுக்கு மூணு வருசமா தெரியும். நீ போயி வாசல்ல நின்னு, 'உங்க அக்கா கொல்லையில ஒண்டியா அழுதுக்கினு இருக்கிறா'ன்னு மட்டும் சொல்லு. மத்த ஆறு பேரையும் கூட்டிக்கினு வருவா. நான் நெழலுல குந்தி காய் ஆயறேன்னு சொல்லு பாப்பா. ஓடு, தூறல் வுழுது.